வாழைமரம் சாய்ந்தால் லாரி நிற்கும்

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில் ஓர் ஆனி மாதக் காலையில், புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சுவா என்ற ஊருக்கு மணப்பெண்ணாக லாரியில் போனேன். மாப்பிள்ளையின் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். அந்த மாதத்தில் அதுதான் கடைசி முகூர்த்தம். தவறினால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்கு யாரைப் பிடித்துப் போவார்களோ தெரியாது.

தோட்டத்து லாரியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். கல்யாண வண்டி வெறுமனே போகக் கூடாது என்று என் தாய்மாமன் முன்பக்கம் இரண்டு வாழைமரங்களை நிறுத்தி, எஞ்சின் மூடியின் இடுக்கில் கயிற்றை நுழைத்து இறுகக் கட்டினார். டிரைவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். அப்பாவும் மாமாவும் சொந்தக்காரர்களும் பின்னால். "தலையக் குனிஞ்சிக்கிட்டே இரு, வாயத் தொறக்காதே" என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கு அது சிரமமே இல்லை.

முதல் வளைவிலேயே லாரி நின்றது. மாமா கயிற்றைத் தளர்த்த, டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. மாமா முன்னைவிட இறுக்கிக் கட்டினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. டிரைவர் பேட்டரியைத் தட்டினார், பிளக்கைத் துடைத்தார். திறந்தால் ஓடியது, மூடிக் கட்டினால் நின்றது.

"பொண்ணுக்குப் போக மனசில்ல போல, வண்டியும் அடம் பிடிக்குதுலா" என்றாள் பின்னால் ஒருத்தி.

"மாப்பிள்ளய இங்க வரச் சொல்லு. ரோட்டுலயே தாலி கட்டட்டும்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் ஏறும் வெயிலைப் பார்த்துக் கண் கலங்கினார்.

குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். இடப்பக்க மரம் சாயும்போதெல்லாம் எஞ்சின் அடங்கியது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அடுத்த முறை நின்றதும், "அண்ணே, அந்த வாழமரம் சாயுறப்பதான் நிக்குது" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

டிரைவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குதித்து இறங்கி, மாமாவைத் தடுத்தார். "கயித்துல கை வைக்காதீங்க அண்ணே. இருக்கிறபடியே பாக்கணும்."

இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயிறு உள்ளே எஞ்சினுக்கு மின்சாரம் போகும் ஒரு வயரில் சிக்கியிருந்தது. மரம் சாய்ந்தால் வயர் இழுபட்டு விலகும். கயிற்றைத் தளர்த்தினால் தானாகப் போய்த் தொட்டுக்கொள்ளும்.

"இம்புட்டு நேரமும் நீங்கதான் அண்ணே வண்டிய நிறுத்திக்கிட்டு வந்தீங்க."

"அதுக்காக வாழமரம் இல்லாம போறதா? மானம் போயிரும்லா."

கடைசியில் மாமா ஒரு மரத்தையும் அப்பா ஒரு மரத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்தட்டில் நின்றபடியே வந்தார்கள். முகூர்த்தம் முடியுமுன் கோயில் வாசலில் இறங்கினோம்.

"ஊமப் பொண்ணுன்னாங்க. லாரியே ரிப்பேர் பண்ணிட்டுல வந்திருக்கு" என்றார் நடந்ததைக் கேட்ட மாமியார். அரிசி கிடைக்காத காலம், அன்று மரவள்ளிக்கிழங்குதான் விருந்து. ஆனாலும் பந்தி முழுக்க அத்தனை சிரிப்பு.

நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். ஆனாலும் கண்ணில் பட்டதை மெல்லவாவது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் நேரத்தோடு கிடைத்த மனிதர், இப்போது இதை எழுதுவதை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.