உறை எடுத்த நான்கு தையல் மெஷின்கள்

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் இருபது சிறுமிகள் கோலாட்டம் ஆட இருந்தார்கள். பாவாடை வாங்கும் பொறுப்பு என்னுடையது. அளவைப் பத்து முறை சரிபார்த்துத்தான் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். விழாவுக்கு மூன்று நாள் முன்பு சூரத்திலிருந்து பார்சல் வந்தது. அத்தனையும் பெரியவர்கள் அளவு.

தாராவியில் நல்ல தையல்காரர் இருப்பதாக எங்கள் வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டு, பார்சலோடு அங்கே ஓடினேன். செல்வி அக்காவின் தையல் பட்டறையில் ஆறு மெஷின்களில் நான்கு, வேலையில்லாமல் உறை போட்டுக் கிடந்தன.

"நாங்க இங்கன இருக்கும்போது சூரத்துக்கா போனிய? அவனுக்கு உங்க பிள்ளையளோட இடுப்பளவு தெரியுமாக்கும்?" என்றார் அக்கா. என் கண் கலங்கியதும், "அழாதிய. சாயங்காலம் நானே வந்து அளக்கேன்" என்றார்.

சொன்னபடி வந்து அளந்தார். வேலையின்றி இருந்த நான்கு பெண்களை அழைத்து, மெஷின்களின் உறையை எடுத்து, அந்தப் பெரிய பாவாடைகளைப் பிரித்துப் பிள்ளைகளின் அளவுக்குத் தைக்க ஆரம்பித்தார். பொங்கலன்று காலை இருபது பாவாடைகளும் கச்சிதமாக வந்தன. ஒரு பிள்ளைக்கும் கால் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அம்மாக்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

இப்போது எங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் அங்கேதான் தைக்கிறோம். ஆறு மெஷின்களும் ஓடுகின்றன. ஏழாவதற்கு அக்கா இடம் தேடுகிறார். எது வாங்குவதென்றாலும் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறேன். அளவு சரியா என்று மட்டும் இன்னும் பத்து முறை கேட்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டே டேப்பை என் கையில் கொடுத்துவிடுகிறார்.

- கா. வித்யா, செம்பூர், மும்பை