இரைச்சல் என்று நான் எழுதிய மதிப்புரை

தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வு பெற்ற மறு ஆண்டே, அமெரிக்காவின் சன்னிவேலில் இருந்த என் மகள் வீட்டிற்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்தவள் என்பது தெரிந்ததும், அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் மலருக்கு வரும் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியலாகாது.

காரணம் எளியது. அங்கிருந்த எல்லாரும் என்னை ‘ஆன்ட்டி’ என்று அழைத்தவர்கள். வாரந்தோறும் யாரேனும் ஒருவர் வீட்டில் ஒன்றாக அமர்ந்து உண்பவர்கள். இன்னார் எழுதியது என்று தெரிந்தால் என் பேனா தயங்கும். ஆகவே சங்கச் செயலாளராக இருந்த பெண், பெயர்களை நீக்கிக் கணினியில் அச்சிட்ட தாள்களை மட்டும் கட்டாகக் கட்டித் தருவார். ஒவ்வொன்றின் அடியிலும் நான் எழுதும் கருத்துரை, எழுதியவருக்கே திரும்பிச் செல்லும். முகம் தெரியாத அந்த வசதியில் நான் வேண்டியதற்கு மேல் கடுமையானவளாக மாறியிருந்தேன். இன்று அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாம் ஆண்டுக் கட்டில் ஒரு கட்டுரை இருந்தது. ராக் அண்ட் ரோல் என்னும் இசை பிறந்த புதிதில், டெக்சாஸில் பருத்தி ஆலைத் தொழிலாளர் நால்வர் சேர்ந்து வெளியிட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றியது. அதனை அக்காலத்துத் திறனாய்வாளர்கள் எங்ஙனம் எதிர்கொண்டார்கள் என்று தொடங்கியது. தொடரமைப்பு தடுமாறியது, பிழைகள் மலிந்திருந்தன. முதற்பக்கத்தோடு நிறுத்திவிட்டு, அடியில் எழுதினேன்: ‘இரைச்சலைப் பற்றிய கட்டுரையிலும் இரைச்சலே மிகுந்துள்ளது. இதனை எழுதியவர் இசையையும் தமிழையும் ஒருசேர விட்டுவிடுதல் நன்று.’ எழுதி முடித்ததும் அத்தொடரின் ஓசை எனக்கே பிடித்திருந்தது.

பத்து நாள் கழிந்திருக்கும். மகள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

“அம்மா, அந்த ராக் அண்ட் ரோல் கட்டுரை… அது அவர் எழுதுனது.”

“யாரு?”

“யாரா? உங்க மாப்ளைதான். மூணு மாசமா ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல உக்காந்து டைப் பண்ணிருக்கார். எனக்கே காட்டல. உங்க கமென்ட் வந்தப்புறம்தான் தெரியும்.”

நான் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“அவரு இங்கிலீஷ் மீடியமாச்சே. எதுக்குத் தமிழ்ல எழுதப் போனாரு?”

“உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலம்மா அவருக்கு. நீங்க ப்ரொபசர். வாயத் தொறந்தா தப்புத் தப்பா வருமோன்னு பயம். பேர் இல்லாம படிச்சு நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் நான்தான்னு சொல்லலாம்னு இருந்தாராம்.” குழாயை மூடிவிட்டு, “இனிமே தமிழ்ல ஒரு வரிகூட எழுத மாட்டேன்னுட்டார்,” என்றாள்.

எங்கள் கொங்கு நாட்டு வழக்கில் மருமகனிடம் மாமியார் குரல் உயர்த்துவதில்லை. பன்மையில் விளித்து, வேண்டியதை மட்டும் பேசி, எஞ்சியதை மகள் வழியே சொல்லியனுப்புவதுதான் மரியாதை. அந்த மரியாதையை ஒரு நாளும் நான் மீறியதில்லை. ‘சாப்டீங்களா மாப்பிள்ளை?’, ‘ஆச்சுங்க அத்தை’ என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததே இல்லை. என் மாணவியர் எவருக்கும் சொல்லாத சொல்லை, முகம் பார்த்து ஒரு சுடுசொல் சொல்லாத மருமகனுக்கு எழுதியனுப்பியிருக்கிறேன்.

அவரிடம் மாற்றமே தெரியவில்லை. வழக்கம்போல் காலையில் எனக்குச் செய்தித்தாளை எடுத்து வைத்தார். வழக்கம்போல் ஞாயிறன்று கோவிலுக்கு அழைத்துச் சென்றார். ஆனால் கூடத்தில் இருந்த அவருடைய இசைத்தட்டுகளும் அவற்றைச் சுழற்றும் பெட்டியும் காரேஜுக்குப் போய்விட்டிருந்தன.

மகளிடம் கேட்டு அந்தத் தாள்களை மீண்டும் வாங்கினேன். இம்முறை எட்டுப் பக்கங்களையும் படித்தேன்.

முதலில் வந்த திறனாய்வாளர்கள் அந்த இசைத்தட்டை வெறும் கூச்சல் என்று ஒதுக்கினார்களாம். ஒரு செய்தித்தாளில், இவர்கள் ஆலைக்கே திரும்புவது நல்லது என்றும் எழுதினார்களாம். அவ்விடத்தைப் படித்தபோது தாளை மடியில் வைத்துவிட்டேன். யாரோ ஒருவர், நான் பார்த்திராத ஊரில், நான் எழுதியதையே எனக்கு முன் எழுதியிருக்கிறார். நால்வரும் உண்மையிலேயே ஆலைக்குத் திரும்பிப் போனார்கள் என்று கட்டுரை சொன்னது. பல்லாண்டு கழித்து வந்தவர்கள் அதே தட்டை ஒப்பற்ற படைப்பு என்று கொண்டாடினார்கள். அதற்குள் பாடியவர் இறந்துவிட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை காரேஜுக்குப் போனேன். அவர் ஒரு மடக்கு நாற்காலியில் அமர்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“அந்தத் தட்டு இருக்குங்களா மாப்பிள்ளை? நான் கேக்கணும்.”

“எதுக்குங்க அத்தை? விடுங்க.”

“கேக்காமலே எழுதிட்டேன். அது தப்பு. முழுசாப் படிக்கவும் இல்ல.”

அவர் கைகளைத் துடைத்துவிட்டு நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். தாம் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, தயங்கி, அதன் விளிம்பில் அமர்ந்தார். தட்டு சுழன்றது. முதற்பாட்டு என்னை ஓர் அடி பின்தள்ளியது என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது முழுக்கவே பிடிக்கவில்லை. நான்காவதன் நடுவில் பாடுகிறவர் திடீரென்று சிரித்தார். தாளம் ஒரு நொடி தடுமாறி மீண்டும் பிடித்துக்கொண்டது.

எனக்குள்ளிருந்த பேராசிரியை விழித்துக்கொண்டாள்.

“இந்தத் தாளம் ஆலை மெஷினோட சத்தத்துல இருந்து வந்ததுங்க. அந்தச் சிரிப்பு முதலாளிய எதிர்த்து. சரிதானுங்களே?”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இல்லீங்க அத்தை.”

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் ‘இல்லை’ அது.

“பின்னாடி வந்த க்ரிடிக்ஸ் எல்லாம் அப்படித்தான் எழுதுனாங்க. ப்ரொடெஸ்ட், அது இதுன்னு. முன்னாடி வந்தவங்க, கேர்லெஸ், அதான் சிரிச்சுட்டான்னு எழுதுனாங்க. ரெண்டு பேருமே சரியாக் கேக்கலீங்க. ட்ரம்ஸ் வாசிக்கறவன் கையிலிருந்து குச்சி நழுவுது. நல்லாக் கேட்டா அது விழற சத்தம் இருக்கும். அதைப் பாத்து இவன் சிரிக்கறான். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு, சந்தோஷமா இருந்தாங்க. அவ்வளவுதாங்க.”

ஊசியைத் தூக்கி அவ்விடத்திலேயே மீண்டும் வைத்தார். மரக்குச்சி தரையில் விழும் மெல்லிய ஓசை கேட்டது.

“இது கட்டுரையில இல்லையே,” என்றேன்.

“எழுதத் தெரியலீங்க. தமிழ்ல அது வரல.”

“இப்பச் சொன்னீங்களே, அதுதான் தமிழ். அப்படியே எழுதுங்க. மலருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. பிழையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

முதற்பக்கம் முடிந்து, தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கலாங்களா? உங்க கமென்ட்டையும் கட்டுரையில சேக்கணுங்க. கடைசி ரிவ்யூ அதுதானுங்களே. அது இல்லைன்னா முழுசாகாது.”

மலர் இருநூறு வீடுகளுக்குப் போகும். அத்தனை பேரும் என்னை அறிந்தவர்கள்.

“பேரோட போடுங்க,” என்றேன்.

“பேரு வேண்டாங்க அத்தை.”

“திட்டுனது நான். பேரு இருக்கணும்.”

அவர் தட்டைத் திருப்பிப் போட்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. முதற்பக்கத்து மூன்றாம் பாட்டு மட்டும் இரைச்சல்தான் என்றேன். இல்லவே இல்லை என்றார். ஒரே வரியை ஒன்பது தரம் கத்துவதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஒன்பது தரமும் ஒரே மாதிரியா இருந்துச்சுங்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். குரல் உயர்ந்தது, இருவருக்கும்.

கதவைத் திறந்துகொண்டு மகள் எட்டிப் பார்த்தாள். கண்களில் கலக்கம்.

“என்னாச்சு? ரெண்டு பேரும் சண்டையா?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அவர். “உங்கம்மா மறுபடியும் தப்பா ரிவ்யூ பண்றாங்க.”

நான் அவரை மூன்றாம் பாட்டை மீண்டும் போடச் சொன்னேன்.