பதினொரு குட்டைக் கோதுமைகள்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ஜெலுத்தோங் பிளாட்டில் எங்கள் வீட்டுக் கதவுகளைக் கேட்டால் சொல்லும்.

தொண்ணூறுகளில் பினாங்கு ஆய்வுக்கூடம் ஒன்றில் கோதுமை வளர்த்தேன். ஆமாம், கோதுமைதான், இந்த வெயிலில், ஏர்கோன் போட்ட கண்ணாடி அறைக்குள். காற்றில் சாயாத குட்டைத் தண்டும் துரு நோயைத் தாங்கும் குணமும் ஒரே செடியில் சேர வேண்டும். சேர்ந்ததா என்று அறியக் கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி மரபணுக் குறியைச் சோதித்தால் போதும். முந்நூறு செடிகளில் பதினொன்றுதான் தேறின. என் மூன்று வருடப் படிப்பு அவற்றின் விதையை நம்பி இருந்தது.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் சுங்கை பாக்காப் பக்கம் எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனை நாற்றங்காலில், மண்டோர் எனும் கங்காணியின் கீழ் இருபது வருடம் வேலை செய்தவர். ஐம்பதை நெருங்கியவர். என்னைத் 'தம்பி' என்பார். "செடிய நல்லா பாத்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் பிறை டவுனுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் குட்டைச் செடி ஒன்றுகூட இல்லை.

"சூம்பி நின்னதெல்லாம் புடுங்கிட்டேன் தம்பி. நர்சரில அதயெல்லாம் விட்டு வெச்சா மண்டோர் தொலைச்சிருவாருலா. இப்ப பாருங்க, எல்லாம் ஒரே ஒசரம்!"

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பின் மேலேயே அறைந்தேன். விழுந்தவரை உதைத்தேன். முட்டுக் கொடுக்க வைத்திருந்த மூங்கில் குச்சி கையில் அகப்பட்டது. அது முறியும்வரை விளாசினேன்.

"நாசமாப் போறவனே, என் வாழ்க்கையவே புடுங்கிட்டியேடா!"

அவர் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு மறு கையால் மூலையைக் காட்டினார்.

அங்கே ஈரச் சாக்கு. பிரித்தேன். உள்ளே வேரோடும் மண்ணோடும் பிடுங்கிய எல்லாச் செடிகளும், நம்பர் அட்டை அதனதன் தண்டில் கட்டியபடி.

"மண்டோர் வந்து எண்ணாம, கழிச்ச செடியத் தூக்கிப் போட மாட்டோம்." உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. "நீங்க எண்ணுவீங்கன்னு வெச்சிருந்தேன்."

குட்டைதான் வேண்டும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றுகிறவருக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். சீ, என்ன திமிர் எனக்கு!

இருவரும் குனிந்து மறுபடி நட்டோம். பதினொன்றும் பிழைத்துக் கதிர் விட்டன; நானும் பட்டம் வாங்கினேன். ஆனால் அன்றைக்கு, கடைசிச் செடியை ஊன்றியதும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வாளியோடு என் முன்னால் நின்றார்.

"தண்ணி ஊத்தட்டுங்களா, சார்?"