ஒரே லட்சியம், ஐந்து கம்பெனி

"ஏம்மா, இந்த அஞ்சு லெட்டரும் நீ எழுதுனதுதானா?"

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் பி.காம். முடித்திருந்தேன். செல்போன் அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. இன்று நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் கவர் லெட்டரை நெட்டிலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. நான் அதை ஆஃப்செட்டிலேயே அடித்தவள்.

பெரியம்மா மகன் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின்மேன். மாதிரிக் கடிதப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்து, பத்து காப்பி கேட்டேன்.

"பிளேட்டு போட்டுட்டா பத்தும் ஒண்ணுதான், ஐநூறும் ஒண்ணுதான்" என்று, மீந்த ஆர்ட் பேப்பரில் தங்கக் கலர் பார்டர் வைத்து ஒரு கட்டு அடித்துத் தந்தான். கம்பெனி பெயருக்கு மட்டும் கோடு. 'உங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவதே என் வாழ்வின் ஒரே லட்சியம்' என்று தொடங்கும். கண்ணில் பட்ட போர்டுக்கெல்லாம் கோட்டை நிரப்பி அனுப்பினேன்.

அவசரம் இருந்தது. அம்மா தாயில்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கேயாவது பெரிதாக வெடிச் சத்தம் கேட்டால் எந்த ஆலை என்று விசாரிக்கத் தெருவுக்கு ஓடுவேன். எனக்கு ஒரு சம்பளம் வந்துவிட்டால் அவளை நிறுத்திவிடலாம். வேலை தேடியதே அதற்காகத்தான்.

மேனேஜர் கடிதங்களை மேஜையில் பரப்பினார். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், அட்டைப்பெட்டி, லாரி சர்வீஸ். பெயர்தான் வேறு வேறு, முதலாளி ஒருவரே. தபால் எல்லாம் இந்த மேஜைக்குத்தான் வருமாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

"அஞ்சுல எதும்மா அந்த ஒரே லட்சியம்? கல்யாணப் பத்திரிகை கணக்கால்ல அடிச்சிருக்க! மொதலாளி விழுந்து விழுந்து சிரிச்சாக. ஆளப் பாக்கணும்னாக, அதான் வரச் சொன்னேன்."

மானம் போயிற்று. எழுந்து ஓடியிருப்பேன். அம்மாவின் நினைப்புதான் பிடித்து உட்காரவைத்தது.

"சார், இங்கன இப்ப எந்த வேலைக்கு ஆள் வேணும்?"

"சீசன் வந்துருச்சு. கிஃப்ட் பாக்ஸ்ல அது கொறையுது, இது கொறையுதுன்னு வெளியூர் பார்ட்டிக போன்ல வையிறாக. பதில் சொல்ல ஆளில்ல."

வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி அங்கேயே எழுதினேன். 'என் அம்மா பட்டாசுத் தொழிலாளி. காலேஜ் லீவில் நானும் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங்குக்குப் போயிருக்கிறேன். அவசரத்தில் ஒரு பாக்ஸில் விட்டுப்போன சரக்கு பெரும்பாலும் பக்கத்து பாக்ஸில் கூடுதலாகக் கிடக்கும். பார்ட்டி திட்டினாலும் பொறுமையாக அதைத் தேடவைக்க என்னால் முடியும்.' ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "அச்சடிச்சதுல இத ஏம்மா போடல?"

"அந்தப் புஸ்தகத்துல இது இல்ல சார்."

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

மனுப் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: உங்கள் லட்சியத்தை எழுதாதீர்கள். அங்கே அவர்களுக்கு என்ன தலைவலி என்று விசாரியுங்கள். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் காலையில், ஆலை வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அம்மா பழக்கத்தில் தூக்குச்சட்டியை எடுத்துவிட்டாள். நான் அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் டிரைவரிடம் சொன்னேன்.

"அண்ணே, எங்கம்மா இனிமே வர மாட்டாக. நீங்க போங்க."