ஆண்டிச்சாமியும் தொண்ணூற்றொன்பது சதவீதமும்

திருச்சுழிக்குத் தெற்கே ஆண்டிச்சாமியைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்துகொள்ள அவரிடம் அதிகம் இல்லை என்பதும் ஒரு வசதி. இருபது வருடமாக ஒரே தொழில்: சீமைக்கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, தீ வைத்துக் கரியாக்குவது. மூட்டம் புகையும் நாலு நாளும் பக்கத்திலேயே கிடப்பார். மேல்மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான்.

போன மாசியில், அவர் அப்போது வெட்டிய மரங்களுக்குச் சொந்தக்காரரான சீனிச்சாமியை இரண்டு நாளாகக் காணவில்லை. அவர் கடைசியாகப் பேசியது ஆண்டிச்சாமியிடம். போலீஸ் ஆளையும் போனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. போனில், மனைவி செல்லக்கிளிக்கு அவர் அனுப்பிய குரல்செய்தி:

"சீனிச்சாமி சோலி முடிஞ்சது புள்ள. வெட்டி, அடுக்கி, மண்ணைப் போட்டு மூடித் தீ வச்சாச்சு. நாலு நாள்ல கரியாயிரும்."

சாட்சியங்களை ஆராய்ந்து உண்மை காண்பதற்கென்றே மேலிடம் அந்த ஸ்டேஷனுக்கு ஒரு செயற்கை நுண்ணறிவை அருளியிருந்தது. இன்ஸ்பெக்டர் குரல்செய்தியை அதில் தட்டிவிட்டார். அது சிந்தித்தது. கொலை, 94 சதவீதம்.

ஏட்டு பாண்டீஸ்வரன் தலையைச் சொறிந்தார். "சார், இது கரிமூட்டம். எங்கப்பாவும் போட்டவருதான்."

"அவரு எத்தனை பேரைப் போட்டாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆண்டிச்சாமி கும்பிட்டார். "ஐயா, மூட்டத்துக்கு என் பொண்டாட்டி ஒருத்திதான் காவல். ஒரு எட்டுப் போயி மண்ணு அள்ளிப் போட்டுட்டு வாரேன்."

தடயத்தை மறைக்கத் துடிக்கிறார் என்றது நுண்ணறிவு: 97. ஆண்டிச்சாமி பயந்துபோய் வாயை மூடினார். மௌனத்துக்கு ஒன்று கூட்டி 98.

மறுநாள் எலும்பெடுக்கப் பொக்லைன் போனது. செல்லக்கிளி குறுக்கே விழுந்தாள்.

"எய்யா, ஒடைக்காதீக! காத்துப் பட்டா அம்புட்டும் போயிரும்!"

உடைத்தார்கள். ஆளுயரத்துக்குத் தீ எழுந்து, ஆறு டன் விறகு சாம்பலானது. எலும்பு ஒன்றுகூட அகப்படவில்லை. நுண்ணறிவு அசரவில்லை. எலும்பும் மிஞ்சாமல் எரித்திருப்பதால் கைதேர்ந்த குற்றவாளி: 99.

அன்று சாயங்காலம் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய்விட்டு, ரிப்பேரான போனோடு சீனிச்சாமி பஸ்ஸை விட்டு இறங்கினார். சேதி கேள்விப்பட்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்தார்.

"ஏலே ஆண்டி, நான் செத்துட்டேனாம்ல?"

இன்ஸ்பெக்டர் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அரை மனதாக நம்பினார். ஆண்டிச்சாமியைப் போகச் சொன்னார். அவர் போகவில்லை.

"ஐயா, என் மூட்டத்துக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் அதையும் நுண்ணறிவிடம் தட்டிக் கேட்டார். பதிலைப் பயபக்தியோடு வாசித்தார்: "மூட்டம் என ஒன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை."

"அப்ப நீங்க ஒடைச்சது எதைய்யா?" என்றாள் வாசலில் நின்ற செல்லக்கிளி.

அந்தக் கேள்வியை மட்டும் இன்ஸ்பெக்டர் அதில் தட்டவில்லை.