ஊர்ப் பெயர் வைக்கவிருந்த பாக்டீரியா

சிட்னியின் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்தபின் கோழித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன், வெங்காயம் பிடுங்கினேன், கடைசியில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய இடம்.

அங்கே சென்னைப் பெண்ணொருத்தி புளித்த உணவுகளில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தாள். வேலை செய்கிறவர்கள் வீட்டில் புளிக்க வைத்ததைக் கொண்டுவரச் சொன்னாள். நான் தோசைமா கொண்டுபோனேன். சில வாரங்களில், அதில் வளர்ந்த ஒன்று புதிய இனமாக இருக்கலாம் என்றாள். நுணுக்குக்காட்டியில் எல்லாம் ஒரேமாதிரிக் குச்சிகள். ஒரு மரபணுவை மட்டும் வாசித்தால் இரண்டு இனங்களுக்கு நடுவில் நின்றது. இனி முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டுமாம். நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்துக்குக் கீழே ஒத்தால் புதியது. அப்படியானால் உங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிடலாம் என்று சொல்லி, வளர்ப்புத் தட்டுகளில் அப்போதே எழுதினாள்.

எங்கள் ஊர் பல வரைபடங்களில் இல்லை. விசா நேர்முகத்தில் அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு, அப்படியோர் இடம் உண்டா என்று கேட்டார். ஆகவே நான் குடியிருந்த கிரவீன் வீட்டில் அறைத் தோழர்களிடம் சொன்னேன், கோயிலில் சொன்னேன், ஊருக்கும் போன் எடுத்தேன். கிருமிக்கா எங்கள் ஊர்ப் பெயர் என்று சித்தப்பா கோபித்தார். நோய் வருத்தம் தராத கிருமி என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

முடிவு வந்த அன்று அவள் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அண்ணா, மாவுல தயிர் ஏதாவது ஊத்தினீங்களா?”

ஊற்றியிருந்தேன். சிட்னிக் குளிரில் மா பொங்கவில்லை. பொங்காத மாவைக் கொண்டுபோக வெட்கமாயிருந்தது.

“ஓம் தங்கச்சி, ரெண்டு கரண்டிதான் விட்டனான்.”

“அதுவே போதும். தொண்ணூத்தொம்பதுக்கு மேல ஒத்துப்போகுது. கடைத் தயிர்ல போடுற பாக்டீரியாதான் இது.”

அவளுடைய மூன்று மாத வேலை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அறைத் தோழன் ஒருவன் தோசைக் கரண்டியோடு திரும்பினான். “நல்ல காலம் மச்சான், உன்ர விசாக் கேசை அவ வாசிக்கேல்லை.”

பாவித்த தட்டுகளை நீராவியில் அவித்து எறிவதும் என் வேலைதான். மறுநாள் பன்னிரண்டு வந்தன. அவித்தேன். பிளாஸ்டிக் சுருண்டு, ஊர்ப் பெயர் வாசிக்க முடியாமல் போனது.

பிறகு சித்தப்பாவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். ஊர் வாசிகசாலையில் அறிவித்தல் ஒட்டியாயிற்று, இனிக் கிழிக்க முடியாது, தயிர்க் கதையை வேறு யாருக்கும் சொல்லாதே என்றார்.