பதினாறாம் படத்தின் இடைவேளை

சாமுராய் படத்துக்கு இடைவேளை விடுகிற ஆள் அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஆலன் நகரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படமே எண்பத்தைந்து நிமிடம்தான். ஆனால் பாதியில் எழுந்து காபி குடிக்காவிட்டால் எனக்குப் படம் பார்த்த மாதிரியே இருக்காது. நாற்பது நிமிடம் ஆனதும் ரிமோட்டை அமுக்கி, "இன்டர்வெல்!" என்று அறிவித்துவிட்டு பஜ்ஜி போடக் கிளம்பிவிடுவேன்.

பார்வையாளர் என் மகள் மட்டும். சனிக்கிழமை மதியங்களில் என் மனைவிக்கு டியூட்டி. ஊர் ஊராய்த் திரியும் ஒரு வாள்வீரனைப் பற்றிய பழைய ஜப்பானியப் படவரிசையை, வாரம் ஒன்றாக நாங்கள் இருவரும் பார்த்து வந்தோம். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

போகப் போக சரக்கு தீர்ந்துவிட்டது. நான்காம் படத்தில் செத்த வில்லன் பதினொன்றில் தாடியோடு வேறு ஆளாக வந்தான். மகள் கொதித்துப்போனாள். கன்னத்தில் மரு ஒட்டினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

பதினைந்தாம் படத்தில் நாயகன் வாளைப் பாதி உருவியபோது இடைவேளை விட்டேன்.

"அப்பா! யூ ஆல்வேஸ் ஸ்டாப் அட் தி வொர்ஸ்ட் பிளேஸ்!"

சுருக்கென்றது. அடுத்த வாரம் அவள் கலிஃபோர்னியாவுக்குக் கல்லூரிக்குப் போகிறாள். பதினாறாம் படம்தான் சேர்ந்து பார்க்கப் போகும் கடைசிப் படம். அதிலாவது திட்டு வாங்கக் கூடாது என்று, வியாழக்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் தனியாகப் பார்த்தேன். நாற்பத்தாறாவது நிமிடம், நாயகன் ஆற்றைக் கடக்கிறான், மழை பிடிக்கிறது. அதுதான் இடம். காகிதத்தில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அதே இடத்தில் நிறுத்தினேன். "வாவ், பர்ஃபெக்ட்!" என்றாள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். தலைகால் புரியாமல் பஜ்ஜியை நீட்டிக்கொண்டே, "அந்த டீக்கடைக்காரனை மட்டும் நம்பாதே" என்றேன். டீக்கடைக்காரன் அதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்திருக்கவில்லை.

பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "யூ ஆல்ரெடி வாட்ச்ட் இட்."

"இன்டர்வெல் கரெக்டா விடணும்னுதாம்மா..." காகிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"இட் வாஸ் அவர் லாஸ்ட் ஒன், அப்பா." கண் கலங்க மாடிக்குப் போய்விட்டாள்.

தப்பு செய்த சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொள்வான். நான் மீதி பஜ்ஜியைப் போட்டு நிரப்பினேன்.

விமான நிலையத்தில் கட்டிக்கொண்டாள். படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வீடு வெறிச்சென்றிருந்தது. பதினேழாம் படத்தைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்காவது சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். "செவன்டீன் பாத்துட்டியா?"

"சத்தியமா இல்லம்மா."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இருவரும் அவரவர் இடத்தில் படத்தை ஓடவிட்டோம். அவ்வப்போது அவள் சிரிப்புச் சத்தம் மட்டும் போனில் கேட்டது. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பத்துப் பேர் நாயகனைச் சூழ்ந்துகொண்டார்கள். வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்தது.

"இன்டர்வெல்!" என்றாள் மகள். "போய் காபி போடுப்பா."

அதைவிட மோசமான இடம் அந்தப் படத்தில் கிடையாது. சமையலறைக்குப் போய், பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நன்றாக அழுதேன்.